அவர் சாப்பிடாத மாலைகள்

லாஸ்டொவோ
2 மார்ச் 2009

வின்காவுக்கு,

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு மாரேவுக்குப் பாம்புச் செவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். நான் கேட்கப்போவதைப் போனில் கேட்டால் சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் அத்தான் லுக்‌ஷாவின் பட்டறையைக் காலி செய்தேன். படகு இன்ஜின்களை வாங்கிப்போக ஆள் வந்திருந்தது. கருவிப் பெட்டியை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை, துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். அடித்தட்டில் க்ரீஸ் துணிக்குள் ஒரு மாத்திரைப் பெட்டி. பாதி தீர்ந்திருந்தது. மேலே உன் மருந்துக்கடை ஸ்டிக்கர். அதில் உன் கையெழுத்து: "தேவைப்படும்போது ஒன்று. ஒரு மணி நேரம் முன்னால்."

எதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வின்கா?

உள்ளே இருந்த விளக்கச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரையாம். எங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை? என் பிள்ளை தோமா அந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் போனதிலிருந்து நானும் அவரும் ஒரே கட்டிலில் இரண்டு மூட்டை மாதிரிதான் கிடந்தோம். இதைத் தங்கைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உனக்குத்தான் என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறதே.

இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறேன். சில நாள் பட்டறையிலிருந்து சீக்கிரம் வருவார். குளிப்பார், முகம் மழிப்பார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் போடுவார். நான் மீன் குழம்பு வைத்திருப்பேன். "பசிக்கல டொப்ரி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். எங்கே சாப்பிட்டுவிட்டு வந்தார்? முகம் சிவந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். குடித்திருக்கிறார் என்று கிட்டப் போய் மோந்து பார்த்திருக்கிறேன், வாடை இருக்காது. முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து துறைமுகம் பக்கம் போய்விடுவார். நான் தூங்கிய பிறகுதான் வருவார்.

யார் அவள்? தீவில் இருப்பவளா, உன் ஊர் ஸ்ப்ளிட்டில் இருப்பவளா? பெயரை மட்டும் எழுது. சண்டைக்குப் போகமாட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் யார் தலைமயிரையும் பிடித்து இழுக்கத் தெம்பில்லை.

இன்னொன்று. ஜனவரியில் அவர் துறைமுகத்தில் நின்றபடியே சாய்ந்து உயிரை விட்டாரே, அது இந்த மாத்திரையாலா?

டொப்ரிலா


ஸ்ப்ளிட்
9 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைப் படகில் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, கல்லாவில் நின்றபடியே பிரித்தேன். இரண்டு வரி படித்ததும் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை அக்கா. அத்தானைக் கொண்டுபோனது அந்த மாத்திரை இல்லை. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. அதையும் இதையும் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கி ஆள் விழுந்துவிடுவான். அத்தானுக்கு அந்த மருந்தை யாரும் எழுதியதில்லை. ஒவ்வொரு தடவையும் கடையில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் அதை வாங்குவதை நிறுத்தியே நாலு வருஷம் ஆகிறது. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார், எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். இந்த ஒரு பயத்தையாவது இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடு.

அடுத்தது. அவள் என்று யாரும் இல்லை. இதை நீ நம்பவேண்டுமானால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும்.

ஆணுக்கு ஆசை வரும்போது நரம்புகள் கீழே ஒரு சேதி அனுப்புகின்றன. சேதி கிடைத்ததும் அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் தளர்ந்து திறக்கும், ரத்தம் வந்து நிறையும். அந்தச் சேதியை அழிப்பதற்கென்றே உடம்பில் ஒரு பொருளும் இருக்கிறது. இல்லாவிட்டால் திறந்தது மூடாது. வயதானால், சர்க்கரை வந்தால், மனக்கவலை பிடித்தால் சேதி பலவீனமாகத்தான் வரும். வந்த வேகத்தில் அழிந்தும் போகும். மாத்திரை அந்த அழிக்கிற பொருளைச் சில மணி நேரம் கட்டிப்போடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சேதியை அது உண்டாக்காது. ஆசையையும் உண்டாக்காது. போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. பிடித்த ஆள் பக்கத்தில் வரவேண்டும், தொடவேண்டும்.

ரத்தக்குழாய்கள் அங்கே மட்டும் தளர்வதில்லை. முகத்திலும் மூக்குக்குள்ளும் தளரும். முகச்சிவப்பும் மூக்கடைப்பும் அதனால்தான். குடியும் இல்லை, கள்ளத்தனமும் இல்லை.

சாப்பாடும் அப்படித்தான். எண்ணெய்ச் சாப்பாட்டின் மேல் போட்டால் மருந்து ஏற நேரமாகும். "வயிறு லேசா இருக்கட்டும் அத்தான்" என்று சொன்னவள் நான்தான். லேசாக என்பதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இன்ஜின் புத்தகத்தில் போட்டதை அப்படியே செய்கிற மனுஷன்தானே. அவர் எங்கேயும் சாப்பிட்டுவிட்டு வரவில்லை அக்கா. உன் வீட்டு மேஜையில் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மேல் கேட்காதே. அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இங்கே வடகாற்று ஒரு வாரமாக விடவில்லை, கடைப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. நீ தினமும் போடும் மாத்திரையைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரு நாளும் விடாதே. ஈஸ்டருக்கு நான் அங்கே வருகிறேன், சேர்ந்து ரொட்டி சுடலாம்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் தங்கை
வின்கா


லாஸ்டொவோ
17 மார்ச் 2009

வின்காவுக்கு,

பாடம் நன்றாக நடத்தியிருக்கிறாய். சேதி, குழாய், எல்லாம் புரிந்தது. ஒன்றுதான் புரியவில்லை. பிடித்த ஆள் தொடவேண்டும் என்கிறாய். நான் தொடவில்லை. அப்படியானால் யார் தொட்டது?

பெட்டி பாதி தீர்ந்திருக்கிறது, வின்கா. முழுங்கிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறாயா? அவ்வளவு முட்டாளா அவர்?

நேற்று மாரே அடுப்புச் சாம்பலைக் கொட்ட வந்தவள் வேலியில் சாய்ந்து நின்றாள். "உன் மனுஷன் ஸ்ப்ளிட்டுக்கு ஸ்பேர் பார்ட் வாங்கப் போனா, எப்பவும் கொழுந்தியா வீட்டுலதான் காபியாமே" என்று இழுத்தாள். "ஆமா, உன் வீட்டுக் காபியை எவன் குடிப்பான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. அடுப்பு அணைந்துவிட்டது.

உன் புருஷன் ஜெர்மனிக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டான். நீ தனியாள். அவர் டாக்டரிடம் போனது ஸ்ப்ளிட்டில், மருந்து வாங்கியது ஸ்ப்ளிட்டில், சத்தியம் வாங்கியதும் ஸ்ப்ளிட்டில். பொண்டாட்டிக்குத் தெரியாத ரகசியம் கொழுந்தியாளுக்குத் தெரிந்திருக்கிறது. என் இடத்தில் நீ இருந்தால் என்ன நினைப்பாய்?

இப்படி எழுதக்கூடாது. ஆனால் எழுதியதை அடித்து அழிக்கமாட்டேன், இருக்கட்டும். உண்மை என்னவோ அதை எழுது. சத்தியம் வாங்கியவர் இப்போது கல்லுக்கு அடியில் இருக்கிறார்.

தோமா போன துக்கத்துக்கென்று நீ கொடுக்கிற மாத்திரையை எட்டு வருஷமாக விழுங்குகிறேன். இந்தக் கோபம்கூட எங்கேயோ தூரத்தில் யாருக்கோ வருகிற மாதிரிதான் வருகிறது. அவருடைய மருந்தை இவ்வளவு அழகாக விளக்கினாயே, என்னுடையதற்கு ஒரு பாடம் நடத்தேன். அது என்னை என்ன செய்கிறது?

டொப்ரிலா


ஸ்ப்ளிட்
25 மார்ச் 2009

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று உனக்கு எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டேன். அதை நீ படித்திருந்தால் நாம் இரண்டு பேரும் செத்தாலும் பேசமாட்டோம். இது ஆறிப்போய் எழுதுவது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அத்தான் மன்னிக்கட்டும்.

தோமா போன இரண்டாம் வருஷம், மழைக்காலம். அத்தான் கடைக்குள் வந்தார். கூட்டம் போகும்வரை இருமல் மிட்டாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் போன பிறகு டாக்டர் எழுதிய சீட்டைக் கண்ணாடி மேஜையில் என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தீவுல வாங்க முடியாது வின்கா. அங்க மருந்துக்கடைப் பொண்ணு பாதிரியார் வீட்டுச் சமையக்காரியோட மருமக."

"நான் யாரு அத்தான்? உங்க பொண்டாட்டியோட தங்கச்சி. இது அதைவிட மோசமில்லையா?"

"நீ வாயைத் திறக்கமாட்டே. டொப்ரிக்கு மட்டும் தெரியவேணாம். பாவம், ஏற்கெனவே பாதி ஆளாயிட்டா. இதுவும் தன்னாலதான்னு நினைச்சுப்பா."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு நாள் உன் பக்கத்தில் வந்தாராம், உடம்பு கேட்கவில்லையாம். நீ போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாயாம். அந்த வெட்கத்தில் ஒரு வருஷம் உன்னைத் தொடவே இல்லையாம். "அவளுக்கு வேணும்னு தோணறப்ப நான் தயாரா இருக்கணும் வின்கா. அப்பவும் நான் உருப்படாம நின்னா, அவ திரும்பக் கேக்கவே மாட்டா" என்றார்.

அதற்குத்தான் அக்கா அந்த மாத்திரை. உனக்குத்தான்.

வரும்போதெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசுவார். காபி குடித்தது நிஜம். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கையில் சின்னக் கோப்பையை வைத்துக்கொண்டு. ஒரு தடவை கேட்டேன்.

"மருந்து வேலை செய்யுதா அத்தான்?"

"முகம் சிவக்குது, மூக்கு அடைக்குது. விளக்கெல்லாம் லேசா நீலமாத் தெரியுது. டொப்ரியோட நரைச்ச முடிகூட நீலமாத் தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அவ பக்கத்துல வரணுமே. எனக்குக் கூப்பிடத் தெரியாது. காத்து நல்லாயிருக்கு, வெளில வந்து உக்காருன்னு சொல்றேன். பீன்ஸ் ஊறப்போடணும்ங்கறா."

"நேராக் கேளுங்களேன்."

"நேராக் கேட்டா சரின்னு சொல்லிடுவா. நீ சொல்றேன்னு மாத்திரை முழுங்கறாளே, அந்த மாதிரி. அது எனக்கு வேண்டாம்."

கடைசியாக வந்தது நாலு வருஷம் முன்னால். சீட்டு கொண்டுவரவில்லை. "இனிமே வேணாம் வின்கா. வீட்ல இருக்கறதே கெடக்கு. பசியும் தாங்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சொல்லவேண்டியதை ஒரு ரசாயனத்தைத் தெளித்துச் சொல்லும். சொன்னதும் மிச்சத்தைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உன் மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. ரசாயனம் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறது. இது முதல் நாளே நடந்துவிடும். ஆனால் மனசு தேற வாரக்கணக்கில் ஆகும். ஏன் என்று டாக்டர்களுக்கே முழுதாகத் தெரியாது. துக்கத்தின் கூர் மழுங்கும். சிலருக்கு அதோடு மற்றதும் மழுங்கிப்போகும். சந்தோஷம், கோபம், படுக்கை ஆசை. கடைசியில் சொன்னது நிறையப் பேருக்கு நடக்கிற விஷயம். உனக்கு நடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை, உன்மேல் குறையும் இல்லை.

இப்போதாவது நம்புகிறாயா? ஈஸ்டருக்கு என்ன வாங்கிவரட்டும் என்று எழுது.

உன்
வின்கா


லாஸ்டொவோ
6 ஏப்ரல் 2009

வின்கா,

நம்புகிறேன். மாரே சொன்னதை வைத்து உனக்கு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது அசிங்கம்.

ஒரு மாலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஜூன் மாதம். முற்றத்தில் கொடிப்பந்தலுக்குக் கீழே இரண்டு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். துடைத்தார். என் நாற்காலியில் மட்டும் மெத்தை வைத்தார். எனக்கு இடுப்புவலி அப்போது.

"டொப்ரி, ஒரு அஞ்சு நிமிஷம் வாயேன்."

"பாத்திரம் கிடக்கு."

"கெடக்கட்டுமே. பாத்திரம் எங்க போயிடப் போவுது? நிலா எப்படி இருக்கு பாரு."

"நிலா தினமும்தான் வருது. சாப்பிடவும் இல்ல, நிலாவைப் பாக்கறாராம். உடம்பு சரியில்லையா உங்களுக்கு? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா வா."

நான் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைத் தேய்த்தேன். அவர் உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். என் தோள்மேல் கையை வைத்தார். நான், "ஈரக்கை, தள்ளுங்க" என்றேன். என் கைதான் ஈரம், வின்கா. அவர் கை இல்லை. அவர் அந்தத் துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மெத்தையை மறுநாள் காலையில் நான்தான் உள்ளே எடுத்துவந்தேன், பனியில் நனைந்திருந்தது. திட்டிக்கொண்டே எடுத்துவந்தேன்.

அவர் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவுமே இல்லை. ஒரு பெண்ணுக்கு வயசானால், பிள்ளை செத்தால் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். நான் இப்படி ஆகிப்போன பொம்பளை என்று முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது நீ எழுதுகிறாய், "நிறையப் பேருக்கு நடக்கிற விஷயம்" என்று. எட்டு வருஷம் கழித்து எழுதுகிறாய்.

அவருடைய பெட்டியில் விளக்கச் சீட்டு இருந்தது. பெரிய காகிதம், எட்டாக மடித்தது. எனக்கு நீ படகில் அனுப்பும் பெட்டியில் ஒரு நாளாவது சீட்டு இருந்ததா? இருந்ததில்லை. உன் கடைதானே, ஏதோ குறைந்த விலையில் இப்படித் தருகிறார்கள்போல என்று நினைத்தேன். எடுத்துவிட்டுத்தானே அனுப்பினாய்?

அவர் ரகசியத்தைக் காப்பாற்றினாய். சரி, அது சத்தியம். என் மாத்திரை என்னுடையதாயிற்றே. "அக்கா, இந்த மருந்து ஆசையைக் கொன்றுவிடலாம், அது நீ இல்லை, மருந்து" என்று எனக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் எந்தச் சத்தியம் உடைந்திருக்கும்? அவர் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார். நீ ஒரு கையால் அவருக்கு ஒரு பெட்டி கொடுப்பாய், இன்னொரு கையால் எனக்குப் பெட்டி கட்டி அனுப்புவாய். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது உனக்கு ஒருத்திக்குத் தெரியும். நாங்கள் இருவரும் முற்றத்தில் இரண்டு நாற்காலியோடு திண்டாடிக்கொண்டிருந்தோம்.

ஈஸ்டருக்கு வராதே. மாத்திரையும் அனுப்பாதே. இங்கே டாக்டரம்மா இருக்கிறாள், நானே போய்ப் பேசிக்கொள்கிறேன். பயப்படாதே, ஒரேயடியாக நிறுத்தமாட்டேன்.

டொப்ரிலா


ஸ்ப்ளிட்
20 ஏப்ரல் 2009

அன்புள்ள அக்கா,

ஆமாம். எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

நீ மறந்திருப்பாய், அல்லது உனக்குத் தெரிந்தே இருக்காது. தோமா போன அடுத்த மார்ச்சில் அத்தான் உன்னைத் துறைமுகப் படியிலிருந்து தூக்கி வந்தார். இடுப்புவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாய். குளிரவில்லையா என்று கேட்டதற்கு, "குளிருதா என்ன?" என்றாயாம். நான் அடுத்த படகில் வந்தேன். உன் கண்ணைப் பார்த்தேன். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் மாத்திரையை உன் வாயில் வைத்தேன். நீ ஒவ்வொரு நாளும், "இது எதுக்கு? எனக்கு என்ன, பைத்தியமா?" என்று கேட்டாய். துப்ப ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தாய். அந்தச் சீட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சாக்குதான் இருந்தது. நீ அதைப் படித்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவாய் என்று தெரியும். நிறுத்தினால் திரும்பப் படிக்கட்டுக்குப் போவாய் என்றும் தெரியும்.

நீ உயிரோடு வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் அப்புறம் என்று நினைத்தேன்.

அந்த அப்புறம்தான் வரவில்லை. நீ தேறினாய், தோட்டத்தில் நட்டாய், மாரேவோடு சண்டை போட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் டாக்டர் அளவைக் குறைத்திருப்பார், இல்லை வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார். வழி இருந்தது. ஒவ்வொரு மாதமும் சீட்டை எடுத்துக் குப்பையில் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. அத்தான் வந்து உட்காரும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். இப்போது நான் வாயைத் திறந்தால் நீ தேறியதும் அவருக்குச் செய்த சத்தியமும் இரண்டும் கெட்டுப்போகும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவர் பசி தாங்கவில்லை என்று சிரித்த அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நீ என்னை மன்னிப்பாயா?

வின்கா


ஸ்ப்ளிட்
19 ஜூலை 2009

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. ஈஸ்டர் போனது, உன் பிறந்தநாளும் போனது. படகுக்காரரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, தக்காளி மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றார். அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

மருந்து மாற்றும்போது தலைசுற்றல் வரும், தேகத்தில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், கெட்ட கனவு வரும். இதெல்லாம் வந்தாலும் தானாகப் போய்விடும். படியில் நின்ற நாள் மாதிரி மனசு ஆனால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் டாக்டரம்மாவிடம் போ. என்னிடம் சொல்லவேண்டாம், அவளிடம் சொல்.

இதோடு விளக்கச் சீட்டையும் வைத்திருக்கிறேன்.

வின்கா


லாஸ்டொவோ
3 நவம்பர் 2009

வின்கா,

உன் கடிதங்களெல்லாம் வந்தன. படித்தேன். சீட்டையும் படித்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமைசாலி. பழைய மாத்திரையை மே மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு வகை ஒன்றுக்கு மாற்றினாள். நீ சொன்ன ஷாக் எல்லாம் அடித்தது. ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். படிக்கட்டு ஞாபகம் வரவில்லை. வந்தால் போவேன் அவளிடம், கவலைப்படாதே.

ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. முதலில் வாசனை வந்தது. ஒயினுக்குத் திராட்சை மிதிக்கிற இடத்தில் நின்றவள் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு வாசனை. பிறகு கோபம் வந்தது. மாரேவின் கோழி என் கீரைப் பாத்தியில் இறங்கியதற்கு நான் போட்ட சத்தத்தில் அவள் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தோமாவுக்காகவும் அழுதேன், முன்னால் அழுததே இல்லை என்கிற மாதிரி.

முந்தாநாள் சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறைக்குப் போனேன். ஊரே வந்திருந்தது, பூ, மெழுகுவத்தி. அவர் கல்லைத் துடைத்துவிட்டு வந்தேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. நேற்றுக் காலையில்தான்.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முழுசாக விழிப்பு வரவில்லை. என் கை தானாகக் கட்டிலில் அவர் பக்கம் போனது. எங்கே தொட்டால் அவர் திரும்புவார் என்று கைக்கு இன்னும் தெரிந்திருக்கிறது. கல்யாணம் ஆன புதுசில் அவர் கடலுக்குப் போய்த் திரும்புகிறவரை எப்படி இருப்பேனோ அப்படி இருந்தது உடம்பு. வெட்கம்கூடப் படவில்லை. வாங்க என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் திறந்தால் விரிப்பு சில்லென்று இருந்தது.

இதைப் பாதிரியாரிடம் சொல்ல முடியாது. டாக்டரம்மாவிடம் சொன்னால் மருந்து ஒத்துக்கொண்டது என்று எழுதிக்கொள்வாள். உனக்கு எழுதக்கூடாது என்று நாள் முழுக்க இருந்தேன். வேறு யாருக்கு எழுதுவது?

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். நீ இல்லாவிட்டால் அந்தப் படியில் முடிந்திருப்பேன், அது நிஜம். அவரை என்னிடம் வரவிடாமல் செய்ததும் நீதான், அதுவும் நிஜம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வரவேண்டாம். வந்தால் அவரைப் பற்றித்தான் பேசுவோம். அவர் சொன்னது, சிரித்தது, காபி குடித்தது என்று உன்னிடம் நிறைய இருக்கிறது. இத்தனை வருஷம் நீ வைத்திருந்தாய். கொஞ்ச நாளைக்கு அவர் எனக்கு மட்டும் இருக்கட்டும்.

டொப்ரிலா